காளீஸ்வரிக்குக் குரல் கொடுத்தவள்

1998 நவம்பர் 21, சனிக்கிழமை. மாலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். திண்டுக்கல்லுக்கும் எரியோட்டுக்கும் இடையில், காற்றே இல்லாமல், நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது மழை. நண்பகலில் போன மின்சாரம் திரும்பவில்லை.

நேரத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்லக் காரணம் உண்டு. இது நடந்தது. நம்புவது படிப்பவர் விருப்பம். ஆனால் அன்னாள் சொன்னதோடு இங்கே ஒரு சொல்லையும் கூட்டவில்லை. பயமுறுத்துவதற்காக ஒரு நாயைக்கூட ஊளையிட வைக்கவில்லை.

அன்னாள் அங்கிருந்த ஓர் இல்லத்துக்கு வார்டனாக வந்து அது மூன்றாம் நாள். மனவளர்ச்சி குன்றிய, வயது வந்த பெண்கள் பத்தொன்பது பேர் அங்கே இருந்தார்கள். பார்த்துக்கொள்ள இருந்தவர்கள் இரண்டே பேர்: அன்னாளும், சமையலோடு மற்ற எல்லாவற்றையும் சேர்த்துச் செய்த பாத்திமாவும். முன்பிருந்த வார்டன் மகளின் பிரசவத்துக்கென்று போனவர். திரும்பும் எண்ணம் அவருக்கு இல்லை. மாணவியர் விடுதிகளில் பல ஆண்டுகள் நின்றே வேலை பார்த்த அன்னாளுக்கு மாலையானால் கால்கள் வீங்கிவிடும். அன்று மதியமே வீங்கியிருந்தன.

“செத்த நேரம் உக்காருங்க வார்டனம்மா. காலு ரெண்டும் பலாக்காயாட்டம் இருக்கு” என்றார் பாத்திமா.

“உக்காந்தா எந்திரிக்க ஏலாது பாத்திமா. பேரக் கூப்புட்டு முடிச்சிட்டு வாரேன்.”

பெயர் கூப்பிடுவது அங்கே ஒரு வழக்கம். பத்து அறைகள், ஒரே நீள வராந்தா. அந்தி சாயும் முன் எல்லாரையும் அறைக்குள் அனுப்பி, கதவுகளை வெளியே தாழிட்டுவிடுவார்கள். பிறகு வார்டன் ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று பெயரைச் சொல்வார். உள்ளே இருப்பவர் ‘இருக்கேன்க்கா’ என்பார். பேச வராதவர் என்றால், அறையில் உடனிருப்பவர் ‘இருக்காக்கா’ என்று குரல் கொடுப்பார். அந்த ஒரு பதில் இருவருக்கும் போதும். கதவைத் திறந்து முகம் பார்ப்பது வழக்கத்தில் இல்லை. அதற்கு ஆள் போதாது.

தாழும் அக்கறையில் போட்டதுதான். சில ஆண்டுகளுக்கு முன், நான்சி என்ற பெண் இருட்டும் நேரத்தில் சாலைக்கு நடந்துபோய், ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றி வந்த லாரியில் அடிபட்டு இறந்தாள். மறுவாரமே, செயலாளர் அருள்நாதன் பத்துக் கதவுகளுக்கும் வெளித்தாழ் போடச் செய்தார்.

ஏழாம் அறையில் காளீஸ்வரி. முப்பது வயதிருக்கும். பிறவியிலேயே பேச்சு வராது, வலிப்பும் உண்டு. இந்த இரண்டையும் பாத்திமா முதல் நாளே சொல்லியிருந்தார்.

முதல் நாள் மாலை, ஏழாம் கதவின் முன் நின்று அன்னாள் கூப்பிட்டார்.

“காளீஸ்வரி.”

“இருக்காக்கா.”

சளி பிடித்தாற்போல் கனத்த, நிதானமான குரல். அன்னாள் எட்டாம் கதவுக்கு நகர்ந்தார். பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றியது. களைப்பில் தோன்றுவதையெல்லாம் யார் பொருட்படுத்துவார்?

இரண்டாம் நாளும் அதே பதில். ஆனால், கட்டிலிலிருந்து வரவில்லை. கதவுப் பலகைக்கு நேர் பின்னாலிருந்து, ஒருவர் கதவில் சாய்ந்து உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்திலிருந்து வந்தது. கதவின் அடியிடுக்கில், பின்சன்னலின் மங்கல் வெளிச்சம் தரையில் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டை எந்த நிழலும் மறைக்கவில்லை.

இதையும் அன்னாள் பார்த்தார். பார்த்துவிட்டு நகர்ந்தார்.

இனி மூன்றாம் நாள்.

ஆறாம் அறை முடிந்தது. ஏழாம் கதவு.

“காளீஸ்வரி.”

மழை ஓட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

“காளீஸ்வரி!”

“இல்லக்கா.”

அன்னாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

“இல்லாத ஆளு எப்புடிடி பதில் சொல்லும்? தாழு வெளிய கெடக்கு, எங்க போயிருவீக?”

எட்டாம் அறையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஏழாம் அறையில் யாரும் சிரிக்கவில்லை.

எட்டாம் கதவு. “இருக்கேன்க்கா.” “இருக்கேன்க்கா.”

ஒன்பதாம் கதவு. அங்கே வாயைத் திறந்த அன்னாள், பெயரைச் சொல்லாமல் நின்றுவிட்டார்.

தாம் கேட்டது காளீஸ்வரியை. காளீஸ்வரிக்குப் பேச வராது. பதில் சொன்னவள் வேறொருத்தி. அவள் ‘இல்லை’ என்றது தன்னைப் பற்றியன்று.

அப்படியானால்... இல்லாமல் போனது யார்?

திரும்பி வந்தார். வீங்கிய கால்களால் ஓட முடியவில்லை.

“ஏத்தா... யாரு இல்ல?”

கதவை உள்ளங்கையால் தட்டினார்.

“உன்னத்தான் கேக்குறேன். காளீஸ்வரிக்கு என்ன?”

கதவுக்கு மிக அருகில், மெதுவாக...

“சீக்கிரம்க்கா.”

தாழ் மழை ஈரத்தில் இறுகிக் கிடந்தது. ஒருமுறை இழுத்தார். வரவில்லை. இரு கைகளாலும் இழுத்தார்.

கிறீச்...

கதவு தடையில்லாமல் உள்ளே போனது. அதன் பின்னால் யாரும் சாய்ந்திருக்கவில்லை.

காளீஸ்வரி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் குப்புறக் கிடந்தாள். ஓட்டிலிருந்து வழிந்த மழைநீர் சன்னல் திட்டில் தெறித்து உள்ளே வந்து, அங்கே தேங்கியிருந்தது. முகம் அதற்குள்.

அன்னாள் அவளைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வாயில் தண்ணீரும் நுரையும். துடைத்தார்.

மூச்சில்லை.

“பாத்திமா! ஏ பாத்திமா!” என்று அலறிவிட்டு, முதுகில் தட்டினார். மறுபடி தட்டினார்.

இருட்டாக இருந்தது. தலையைத் திருப்பாமலே, அடுத்த கட்டில் பக்கம் கத்தினார்:

“பாத்துக்கிட்டு நிக்கிறியே, அந்தச் சன்னலச் சாத்துத்தா! தண்ணி உள்ள வருது!”

டப்.

சன்னல் சாத்திக்கொண்டது.

அந்த நொடியில் காளீஸ்வரி இருமினாள். ஒரு பெரிய இழுப்பு... மூச்சு வந்தது.

பாத்திமா அரிக்கேன் விளக்கோடு ஓடிவந்தார். வெளிச்சம் அறை முழுவதும் பரவியது. அடுத்த கட்டிலில் பாய் இல்லை, தலையணை இல்லை. வெறும் இரும்புப் பட்டைகள்.

“யாரச் சன்னலச் சாத்தச் சொன்னீங்க வார்டனம்மா?”

“கூட இருக்கவள.”

பாத்திமா விளக்கைக் கீழே வைத்தார். காளீஸ்வரியைத் தூக்கக் குனிந்தார்.

பால் வேன் ஒன்றை மறித்து, காளீஸ்வரியைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார் அன்னாள். “இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா நீங்க இம்புட்டு தூரம் வந்திருக்கவே வேண்டாம்மா” என்றார் மருத்துவர். உயிருக்கு ஆபத்தில்லை, நெஞ்சில் நீர் போயிருப்பதால் ஒரு வாரம் இருக்கட்டும் என்றார்.

மறுநாள் நண்பகலில் அன்னாள் இல்லத்துக்குத் திரும்பியபோதுதான் பாத்திமா வாயைத் திறந்தார்.

“அந்த ரூம்ல காளீஸ்வரி ஒருத்திதாங்க. கூட இருந்த சவரியம்மா ஜூன் மாசமே செத்துப்போச்சு.”

பத்தொன்பது பேர், பத்து அறைகள். இரண்டிரண்டு பேராக இருந்தால் ஓர் அறையில் ஒருவர்தான் மிஞ்ச முடியும். கணக்கு முதல் நாளிலிருந்தே கண்முன் இருந்தது. அன்னாள் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

“எப்புடிச் செத்தா?”

“நெஞ்சு வலி. அன்னிக்கு நான் ஆயக்குடிக்கு எங்க வீட்டுக்குப் போயிருந்தேன். வந்தப்பறம் பக்கத்து ரூம்காரிக சொன்னாளுக. காளீஸ்வரி விடிய விடியக் கதவத் தட்டியிருக்கா. வாயில்லாத சீவன், வேற என்ன செய்யும்? அவ எப்பவும் தட்டுறவதானேன்னு வார்டனம்மா வரல. விடிஞ்சு தாழத் தொறந்தா, சவரியம்மா கதவுல சாஞ்ச மேனிக்கு உக்காந்திருந்துச்சாம். வெறச்சுப் போயி.”

அன்னாள் திரும்பி வராந்தாவைப் பார்த்தார்.

“ஜூன்லருந்து இந்தக் குரல் யாருக்கும் கேக்கலையா?”

“யாரு கூப்புட்டா, கேக்க? அதுக்கப்பறம் அந்த வார்டனம்மா ஏழுல பேரே கூப்புடாது. தாழ ஒரு தடவ இழுத்துப் பாத்துட்டு நடந்துரும். மொத மொதக் கூப்புட்டது நீங்கதான்.”

திங்கட்கிழமை அன்னாள் செயலாளருக்கு ஒரு மனு கொடுத்தார். அருள்நாதன் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்; கெட்டவர் அல்லர், ஒற்றுப்பிழைக்குக்கூட வருந்துகிறவர். மனுவை இரண்டு முறை படித்தார்.

“வெளித்தாழ எடுக்கணும், ராத்திரிக்கு இன்னொரு பொம்பள ஆள் வேணும், முகத்தப் பாத்துத்தான் கணக்கெடுக்கணும். சரி. அதுக்கு நடுவுல இந்தக் குரல் சமாச்சாரம் எதுக்கும்மா? கமிட்டியில சிரிப்பாங்க.”

“நடந்தத எழுதியிருக்கேன் சார். தாழ எடுத்துட்டு எம்புட்டு வேணாலும் சிரிக்கட்டும்.”

“நான்சிய மறந்துட்டுப் பேசாதீங்க. அவள ரோட்டுல வாரி எடுத்தது நான்.”

“கேட்டப் பூட்டுங்க சார். கேட்டுல ஆள் போடுங்க. மனுசரப் பூட்டாதீங்க.”

அருள்நாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசிக்கலாம் என்றார். யோசிக்கலாம் என்பது அங்கே வழக்கமாக வேண்டாம் என்றே பொருள்படும்.

“சனிக்கெழம அவளுக்கு டிஸ்சார்ஜ். முடிவு கையில வராம அந்த ரூமுக்கு நான் அவளக் கூட்டிட்டு வரமாட்டேன். ஆஸ்பத்திரி வாசல்லயே ரெண்டு பேரும் உக்காந்திருப்போம். வேற யாரும் அவளக் கூட்டிட்டுப் போகவும் விடமாட்டேன்” என்றார் அன்னாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெம்பும் இல்லை.

செவ்வாய் போயிற்று. புதன், வியாழனும் போயின. இல்லத்துக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அன்னாள் அலைந்தார். வெள்ளிக்கிழமை மாலை, அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில், அருள்நாதன் சொல்லாமல் கொள்ளாமல் இல்லத்துக்கு வந்தார். வழக்கம் எப்படித்தான் நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாராம்; இரவு திரும்பிய அன்னாளிடம் பாத்திமா சொன்னது இது. பாத்திமாவை அடுப்படியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, வராந்தாவில் தாமே தனியாக நடந்து, ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று பெயர் கூப்பிட்டார். ஏழாம் கதவின் முன் நெடுநேரம் நின்றார். மீதி மூன்று கதவுகளுக்குப் போகவில்லை. குடையை வராந்தாவிலேயே விட்டுவிட்டு, மழையில் நடந்து போய்விட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அருள்நாதன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். முகம் மழிக்கவில்லை. பெஞ்சில் அன்னாளின் தோளில் சாய்ந்து காளீஸ்வரி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் பையிலிருந்து தாளை எடுத்து, வகுப்பில் வாசிப்பதைப் போல் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

“ஒன்று. எல்லா வெளித்தாழ்களும் இன்றே அகற்றப்படும். இரண்டு. இரவுப் பணிக்கு மேலும் ஒரு பெண் பணியாளரும், வாயிற்கதவுக்கு ஒரு காவலாளியும் நியமிக்கப்படுவர். மூன்று. ஒவ்வோர் அறையிலும் இருப்பவர்களை முகம் பார்த்தே கணக்கெடுக்க வேண்டும்...”

நிறுத்தினார். குரல் கொஞ்சம் இறங்கியது.

“ஏழாம் அறையில் மட்டும், காளீஸ்வரியை முகம் பார்த்த பின்னரும், அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உடனிருப்பவரின் பதிலையும் கேட்க வேண்டும்.”

அன்னாள் நிமிர்ந்து பார்த்தார்.

“சார்... நேத்து அந்த ரூம்ல யாருமே இல்லையே. இவ இங்கன எங்கூடல்ல இருந்தா.”

“தெரியும்மா. அதத்தான் அங்கயும் சொன்னாங்க.”

“எதச் சொன்னாங்க?”

“‘ஆஸ்பத்திரில இருக்காக்கா’ன்னு.”

காளீஸ்வரி தூக்கத்திலேயே பெருமூச்சு விட்டாள். அருள்நாதன் தாளின் அடியில் இருந்த தம் கையெழுத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதை இரண்டாக மடித்து, அன்னாளின் கையில் கொடுத்தார்.