வாட்டும் மாடியில் ஒரு வில்

தேயிலை விலை விழுந்து குன்னூர் முழுக்க முகம் தொங்கிக் கிடந்த காலத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். பச்சை இலைக்குக் கிடைக்கிற விலையில் பறிகூலிகூடத் தேறாது என்று சிறு விவசாயிகள் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இலை வராததால் நான் ஃபிட்டராக இருந்த ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. கையில் ஸ்பேனர் இல்லாத நாளில் எனக்குச் சோறு இறங்காது. வீட்டுத் தண்ணீர்க் குழாயைக் காரணமே இல்லாமல் இரண்டு தடவை கழற்றி மாட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்குள் ஒரு வில் வந்தது.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கோயமுத்தூரில் கல்லூரியில் படிக்கும்போதே வில் பிடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு மாவட்டப் பெண்கள் அணித் தேர்வுக்கு இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் இரவல் வில். இரண்டு தடவையும் வெறுங்கையோடுதான் திரும்பினாள். அமெரிக்காவில் இருந்த என் மச்சினன் அவளுக்காகப் பழைய வில் ஒன்றை வாங்கி வந்தான். அங்கே மான் வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் காம்பவுண்டு வில். இரண்டு முனையிலும் சக்கரம், நாணோடு சேர்த்து ஓடும் கம்பிவடம், உடம்பெல்லாம் இலையும் மரப்பட்டையுமாகப் பெயின்ட். அதைப் பார்த்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்.

“இந்தத் தடவையும் எடுக்கலைன்னா, இனி நான் வில்லத் தொடறதில்லீங்க.”

அவள் அப்படிச் சொன்னால் சொன்னதுதான். காப்பியை அப்படித்தான் ஒரு நாள் விட்டாள், இன்றுவரை குடிக்கவில்லை. தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஏனுங்க, டீ போணியாகலைன்னு காட்டுப்பன்னிக்குக் கெளம்பிட்டீங்களா?” என்றார். எங்கள் மலையில் ஒரு முயலைத் தொட்டாலே ஃபாரஸ்ட்காரர்கள் உள்ளே வைத்துவிடுவார்கள். அதனால் வில்லைப் போர்வையில் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் ஃபேக்டரிக்குக் கொண்டுபோனோம். அங்கேதான் எங்களுக்கு ஒரு பெரிய சொத்து சும்மா கிடந்தது. இலையைப் பரப்பி வாடவிடும் மாடி. நீளமான கூடம், காற்று புகாது, மழை புகாது, இலையே இல்லாததால் தரை துடைத்துவிட்டது போலக் கிடந்தது. தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் நல்ல மனிதர், பக்கத்துப் படுகர் ஊரான ஹட்டியைச் சேர்ந்தவர். தூள் பக்குவத்தை வாசனையிலேயே சொல்லிவிடுவார். “முதலாளி வர்ற நாள் மட்டும் எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சிடுங்க” என்று சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தானும் கூடவே ஏறி வந்தார். அவருக்கும் பொழுது போக வேண்டுமே!

முதல் அம்பை அவள் விட்டாள். அம்பு நேராகப் போகவில்லை. தண்ணீரில் மீன் வாலை ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டு போய், பக்கவாட்டில் சாய்ந்து குத்தியது. ஆறு அம்பு விட்டால் ஆறும் ஆறு திசை.

“உடு, நான் பாத்துக்கறேன்” என்றேன். அன்றைக்கு என் மார்பு இருந்த அகலத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வில்லோடு வந்த சிறிய புத்தகத்தில் ஒரு வழி போட்டிருந்தது. சட்டத்தில் காகிதத்தை இழுத்துக் கட்டி, இரண்டு எட்டு தள்ளி நின்று அதன் வழியாக அம்பை விட வேண்டும். அம்பு நேராகப் போனால் காகிதத்தில் வட்டமாக ஒரு துளையும், இறகுகள் கீறிய மூன்று கோடும் மட்டும் இருக்கும். வால் ஆடினால், ஆடின பக்கம் காகிதம் கிழியும். காகிதத்துக்கா பஞ்சம்? விற்காத டீக்கு வாங்கி வைத்த காகிதச் சாக்குகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. அதில் கிழிசலானவற்றை எடுத்து, ஒவ்வொரு அடுக்காக உரித்துச் சட்டத்தில் ஒட்டினோம். பின்னால் அம்பைப் பிடிக்க, தேயிலை நார்க்கழிவை அடைத்த கோணிச் சாக்கு. அந்த நாட்கள் முழுக்க எங்கள் அம்புகளில் டீ வாசனை.

நான் வேலையில் இறங்கினேன். மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் ஒரே நேரத்தில் திரும்புகின்றனவா என்று பார்த்தேன். கீழது ஒரு மயிரிழை பிந்தியது, வடத்தை முறுக்கிச் சரிசெய்தேன். நாணில் அம்பு மாட்டும் இடத்தை மட்டம் வைத்துப் பார்த்தேன். இறகு எங்கேயாவது உரசுகிறதா என்று அறிய அவளுடைய முகப்பவுடரை அம்பில் அடித்து விட்டேன். டப்பா பாதி காலி. அம்பு உட்காரும் தாங்கியை நகர்த்தி நகர்த்தி, இலை அரைக்கும் ரோலர்களின் இடைவெளியை வைக்கிற அதே கவனத்தோடு நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நானே விட்டுப் பார்த்தேன். டீமேக்கர் காகிதத்தைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தூளைப் பரிசோதிக்கிற முகத்தோடு தீர்ப்புச் சொல்வார்.

“வால் மேல கெளம்புது.”

“இப்ப?”

“இப்ப கொஞ்சம் பரவால்ல. சுமார்.”

மூன்றாம் வாரம் என் கையிலிருந்து போன அம்பு, டிரில் போட்டது போல ஒரு வட்டத் துளை போட்டது. மறுபடி விட்டேன். மறுபடி வட்டம். டீமேக்கர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் மனைவியை ராணிபோல அழைத்து வில்லைக் கையில் கொடுத்தேன்.

அவள் விட்டாள். காகிதம் இடது பக்கமாக இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்தது.

பத்துத் தடவை விட்டாள், பத்தும் அப்படியே. அப்போது நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. “வில்லு கரெக்டா இருக்குது புள்ள. உன் கைதான் சரியில்ல” என்றேன்.

அவள் கத்தவில்லை. வில்லை மெதுவாகப் பெஞ்சில் வைத்தாள். “எல்லாஞ் சரி பண்ணிட்டீங்க. என்னைய எப்பங்க சரி பண்ணப் போறீங்க?” என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். டீமேக்கர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. தட்டு வைக்கிற சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. அவள் வில்லைத் தொடவில்லை. இப்படியே போனால் தேர்வுக்கு முன்னாலேயே விட்டுவிடுவாள், அதுவும் என்னால் விட்டுவிடுவாள் என்று புரிந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் காலையில், “ஒரே ஒருக்கா வா. நான் வாயத் தொறக்க மாட்டேன்” என்று கெஞ்சினேன். வந்தாள்.

அன்றைக்கு நல்ல குளிர். ஃபேக்டரி ஓடுகிற நாளில் மாடிக்குச் சூடான காற்று வரும். இலையில்லாததால் மின்விசிறிகள் எல்லாம் செத்துக் கிடந்தன. அவளுக்குப் பல் தந்தியடித்தது. நான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டு வில்லை எடுத்து நாணை இழுத்து விட்டாள். தொங்கிக்கொண்டிருந்த ஸ்வெட்டர் கையில் நாண் சட்டென்று அடித்து, அம்பு எங்கேயோ போய்ச் சுவரில் மோதியது.

“இருடி, மடிச்சு உடறேன்” என்று கிட்டே போய் ஸ்வெட்டர் கையை மடித்தேன். ஒரு மடிப்பு போதவில்லை. இன்னொன்று மடித்தேன். முழுசாக நாலு விரல் அகலம் மடித்த பிறகுதான் அவள் மணிக்கட்டே வெளியே வந்தது.

மடித்த கையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். காம்பவுண்டு வில்லில் நாண் எவ்வளவு தூரம் பின்னால் வந்து நிற்கும் என்பதைச் சக்கரத்தில் இருக்கும் ஒரு சிறிய தகடு முடிவு செய்கிறது. யாரோ ஓர் அமெரிக்க நெட்டையனுக்கு வைத்த தகடு, என் உயரத்துக்கும் பொருந்திவிட்டது. ஸ்வெட்டர் கைக்கே நாலு விரல் போதாதவள், விட்ட ஒவ்வொரு அம்புக்கும் அந்த வில்லை எட்டி எட்டி இழுத்திருக்கிறாள். தோள் திருகி, மணிக்கட்டு திருகி, வில்லும் கூடவே திருகுகிறது. வில்லை ஐம்பது இடத்தில் அளந்த மகா மெக்கானிக் நான், அவள் கையை ஒரு தடவைகூட அளக்கவில்லை.

“என்னங்க, பேயடிச்ச மாதிரி நிக்கறீங்க?” என்றாள்.

சிரிப்பு தாங்கவில்லை. அழுகையும் கொஞ்சம் வந்தது. “மன்னிச்சுக்க புள்ள” என்றேன். கல்யாணமான பதினொரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை என்று அவள் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னாள்.

இரண்டு திருகாணியைத் தளர்த்தித் தகட்டை நகர்த்த கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதன் பிறகு நான் ஓர் அம்புகூட விடவில்லை. அவள் விடுவாள், டீமேக்கர் காகிதம் பார்ப்பார், நான் அவள் சொல்கிற பக்கம் தாங்கியை நகர்த்துவேன். கடைசியில் தாங்கி நடுக்கோட்டிலிருந்து ஒரு நூல் விலகித்தான் நின்றது. என் தொழிலில் அது அவமானம். பல்லைக் கடித்துக்கொண்டு திருகாணியை இறுக்கினேன். காகிதத்தில் வட்டத் துளை. அடுத்ததும் வட்டம். மூன்றாவது அம்பு, இரண்டாவது அம்பின் இறகை உரசிக்கொண்டு அதே ஓட்டையில் புகுந்தது. டீமேக்கர் இந்தத் தடவை அவளுக்குக் கும்பிடு போட்டார்.

தேர்வு நாளன்று ஊட்டி மைதானத்தில் பத்து மணி வரை குறி அட்டையே தெரியாத அளவுக்கு மூடுபனி. விலகிய பிறகு ஆரம்பித்தார்கள். மற்றவர்களின் பளபளக்கும் வில்களுக்கு நடுவில் எங்கள் வேட்டை வில் காட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்ததுபோல இருந்தது. சிலர் சிரித்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, ஒவ்வொரு அம்புக்கும் மூச்சைப் பிடித்துப் பிடித்துக் கடைசியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு பேரைத்தான் எடுப்பார்கள். பெயர் படிப்பதைக் கேட்க எல்லாப் பெண்களும் மேஜைப் பக்கம் போனார்கள். போகும்போது அவள் வில்லை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். முதல் பெயர் அவளுடையது இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதும் இல்லை. கை சும்மா இருக்க முடியாமல் நாணை மெதுவாக இழுத்தேன். என் மூக்குக்கு நாலு விரல் முன்னாலேயே அது நின்றுவிட்டது. அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட வரவில்லை. நாணை மெல்லத் திரும்ப விட்டேன்.

நான்காவது பெயரைப் படித்தார்கள்.

மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தாள். முப்பத்தாறு வயது டீச்சர், செருப்பு ஒரு பக்கம், முந்தானை ஒரு பக்கம். என்னைக் கட்டிக்கொள்வாள் என்று கையை விரித்தேன்.

“பாத்துங்க, பாத்துங்க, என் வில்லு!” என்று முதலில் அதைத்தான் என் கையிலிருந்து வாங்கினாள்.