நுரையிலிருந்து வந்த பச்சைப் பூச்சி

நோர்வூட் தேயிலைச் சரிவில் நிற்கிறேன். செடித் தண்டில் எச்சில் துப்பியதுபோல் நுரை கட்டி, அதற்குள் வளரும் பூச்சியைத் தேடி வந்தவன் நான். நேற்று நுரையை விட்டு வெளிவந்த ஒன்றைப் பிடித்து, 'புதிய இனம், வெளிர்பச்சை' என்று குறிப்பேட்டில் எழுதினேன். இன்று டப்பாவுக்குள் அதே பூச்சி கறுப்பாக இருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கொழுந்து பறிக்கும் செல்வி எட்டிப் பார்க்கிறார்.

"வெளிய வந்தப்ப பச்சையாத்தாங்க இருக்கும். பொறவு கறுத்துரும்."

"அப்ப இது எப்பவும் இங்க இருக்கிற கறுப்புப் பூச்சிதானா?"

"அதுக்கு முதுகுல ரெண்டு கோடு இருக்குங்களே. இதுல காணோம்."

'வெளிர்பச்சை'யை அடிக்கிறேன். 'புதிய' என்பதையும் அடிப்பதா என்று தெரியவில்லை. செல்வி நுரையோடு ஒரு தண்டை ஒடித்து நீட்டுகிறார்.

"இதையும் வச்சுப் பாருங்க."

கீழே நான் திரும்பிப் போக வேண்டிய ஹட்டன் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. நான் இறங்கவில்லை.