கடல் மீன் தொட்டிக்குக் கெட்டிக் குழாய்

திருப்பதியில் ரயிலடிக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் கடல் மீன் தொட்டிக்குக் குழாய் போடும் வேலை வந்தபோது, எனக்கு வேலை போய் ஏழு மாதமும் பதினொரு நாளும் ஆகியிருந்தன. அதற்கு முன் பத்தொன்பது வருடம் சித்தூருக்கு அருகே ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் குழாய்ப் பிரிவு ஃபோர்மேனாக இருந்தேன். தனியார் வண்டிகள் பலமனேர் வரை ஊர் ஊராகப் போய்ப் பாலை அள்ள ஆரம்பித்த பிறகு எங்களுக்கு வரும் கேன்கள் குறைந்தன. ஒரு நாள் கொதிகலனை அணைத்தோம். பிறகு அதை யாரும் மூட்டவில்லை.

குவைத்தில் பைப் ஃபிட்டர் வேலைக்கு ஊர்க்காரர் ஒருவர் விசா ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் போக மனமில்லை. என் அப்பா கோலார் சுரங்கத்தில் வேலை செய்தவர். வருடத்துக்கு இரண்டு முறை வருவார். வரும்போதெல்லாம் நான் கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். “உங்க நைனாடா, போடா” என்று அம்மா முதுகில் கைவைத்துத் தள்ளுவாள். என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவளுக்கு அப்படி ஓர் ஆளாக ஆக நான் விரும்பவில்லை. அதனால் லாட்ஜ் முதலாளி சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒரு மாசம் தொட்டி நல்லா நடக்கட்டும்பா ஃபோர்மேனு. அப்புறம் நீயே இங்க மெயின்டனன்ஸு. மோட்டாரு, தண்ணி, கக்கூஸு, நூத்திப்பத்து ரூமு, எல்லாம் உன்னுது” என்றார். அவர் புத்தூர்ப் பக்கத்துத் தமிழர். சிங்கப்பூரில் ஓர் ஓட்டலில் அப்படியொரு தொட்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மலைக்குப் போகிற பக்தர்கள் சாவிக்காகக் காத்திருக்கும்போது கடல் மீனைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

தொட்டி ஏழடி நீளம். அதன் பம்பும், நீரை வடிகட்டும் கீழ்த்தொட்டியும் அதற்கு நேர் கீழேயே இருந்திருந்தால் இரண்டு முழம் குழாயில் வேலை முடிந்திருக்கும். ஆனால் வாஸ்துக்காரர் வந்து, நீர் ஈசானிய மூலையில்தான் நிற்க வேண்டும், மோட்டார் நெருப்பு, அது ஆக்கினேய மூலையில்தான் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டார். வடகிழக்கு மூலையில் தொட்டி, தென்கிழக்கில் படிக்கட்டுக்குக் கீழே பம்பு. நடுவில் நான் அளந்த தூரம் முப்பத்து நான்கு அடி, நான்கு அங்குலம். கண்ணாடியின் மேல்துளை வழியாக நீர் இறங்கிப் போகும். கீழ்த்துளை வழியாகத் திரும்பி வரும்.

இவ்வளவு தூரத்துக்குக் கெட்டியான பி.வி.சி. குழாயா, வளைகிற ஹோஸா என்பதுதான் கேள்வி. என் மனைவியின் தம்பி பங்காருபாளையம் மாந்தோப்புகளில் சொட்டுநீர்க் குழாய் போடுகிறவன். அவனைத்தான் துணைக்கு வைத்திருந்தேன். அவனுக்கு எல்லாமே ஹோஸ்.

“மாமா, ஒரே சுருளு. இந்தாண்ட ஒரு கிளிப்பு, அந்தாண்ட ஒரு கிளிப்பு. மத்தியானம் சோறு துன்னுட்டு வூட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம்.”

“எலி கடிக்கும்” என்றேன். “வளைவில் மடிந்துகொள்ளும். தொங்குகிற இடத்தில் அழுக்கு தங்கும்.”

“உனுக்குப் பாலு நெனப்பு.”

அது உண்மைதான். நிலையத்தில் ஒரு முறை, கழுவியதாக எழுதியிருந்த ரப்பர் ஹோஸ் ஒன்றின் மடிப்பில் கால் லிட்டர் பழைய பால் நின்றுவிட்டது. அன்று ஒரு டேங்கர் முழுவதும் திரிந்தது. அதற்குப் பிறகு நான் ஹோஸைத் தொட்டதில்லை. கெட்டிக் குழாய்க்குச் சரிவு கொடுக்கலாம், மட்டம் பார்க்கலாம், நீர் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லலாம். முப்பத்து நான்கு அடிக்கு அதுதான் சரி. இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

அவனும் கடைசியில் ஒப்புக்கொண்டான். ஒன்று மட்டும் கேட்டான்: “முழுக்கக் கெட்டியே போடு மாமா. கண்ணாடிகிட்ட மட்டும் கடைசி ரெண்டடி ஹோஸு வெய்யி. கண்ணாடி இன்னா இரும்பா? நீ செவுத்துல கிளாம்பு அடிச்சி அத்த இறுக்கிப் புடிச்சா அது எங்க போவும்?”

“அங்கேதான் எல்லோரும் பார்ப்பார்கள். கிளிப்பும் ஹோஸுமாக அசிங்கமாக இருக்கும்.”

“நீயே ஒரு கெட்டிக் குழாயி. வளைய மாட்ட. எங்கக்கா எப்டிதான் உன்கூட இத்தினி வருசம் ஓட்டினாளோ.”

கண்ணாடியைப் பற்றி அவன் சொன்னது எனக்குத் தெரியாதது அல்ல. நிலையத்தில் புதிய தொட்டி வைத்தால் முதலில் நீர் நிரப்புவோம். பாரத்தில் அது இறங்கி நிலைக்க இரண்டு நாள் விடுவோம். அதற்கப்புறம்தான் குழாயை முடுக்குவோம். இங்கேயும் அப்படியே செய்யத் திட்டமிட்டிருந்தேன். அது என் நாட்குறிப்பில் எழுதியும் இருக்கிறது: புதன் நிரப்புதல், வெள்ளி ஒட்டுதல்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முதலாளி வந்தார். புதன் காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம் வைத்தாயிற்று, ஐயர் வருகிறார், அந்த நேரத்தில் தொட்டியில் நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றார்.

“நீரை ஊற்றலாம் சார். ஓட விடுவதற்கு இரண்டு நாள் ஆகும்.”

“நின்ன தண்ணில முகூர்த்தமா? யாராவது கேட்டா சிரிப்பாம்பா. கங்கம்மா ஓடி வரணும்.”

மறுபடியும் சொல்லியிருக்கலாம். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு, “சரி சார்” என்றேன். அன்று மாலைக்குள் எல்லா மூட்டுகளையும் ஒட்டி, சுவரில் ஒன்பது கிளாம்பு அடித்து, வெற்றுத் தொட்டியோடு குழாயை முடுக்கினேன். மட்டப்பலகையின் குமிழி நடுக்கோட்டில் அசையாமல் நின்றது. ரெண்டடி ஹோஸ் இருந்திருந்தால் தொட்டி எவ்வளவு இறங்கினாலும் அதோடு சேர்ந்து வளைந்திருக்கும். மச்சான் பீடி பிடிக்க வெளியே போய்விட்டான்.

கழுவிய பால் டேங்கரில் சூளூர்ப்பேட்டைக்கு அப்பாலிருந்து கடல்நீர் வந்தது. உப்பளவு பார்க்க என்னிடம் இருந்தது பால்மானி ஒன்றுதான். நல்ல பாலில் இருபத்தெட்டு காட்டும் அது, கடலில் இருபத்தைந்து காட்டியது. மாவிலை கட்டி, தேங்காய் உடைத்து, பம்பின் மேல் குங்குமம் வைத்தார்கள். நீர் ஓடியது. முதலாளி என் தோளில் சந்தனக் கையை வைத்தார். சட்டையில் அந்தக் கறை பட்டது. எல்லோரும் போன பிறகு தொட்டி நின்ற ஸ்டாண்டை அளந்தேன். தொட்டிக்குக் கீழே போட்டிருந்த தெர்மோகோல் பாரத்தில் அமுங்கி, தொட்டி மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. குழாய் இறங்கவில்லை.

பதினைந்தாம் நாள் சென்னையிலிருந்து மீன்கள் வந்தன. மொத்தம் பதினொன்று. கறுப்பு வெள்ளைக் கோடு போட்டவை, ஆரஞ்சு நிறத்தில் சின்னதாக இரண்டு, மஞ்சளில் தட்டையாக ஒன்று. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கும். நான் தினமும் அந்த மூக்கு அடையாளங்களைத் துடைப்பேன். மகளை ஒரு நாள் அழைத்து வந்து காட்டினேன். “இது நீ பண்ணினதா நைனா?” என்று கேட்டாள்.

பத்தொன்பதாம் நாள் காலை, கீழ்த்துளையின் ஓரத்தில் முடி போல ஒரு கோட்டைப் பார்த்தேன். கீறல் என்று நினைத்து நகத்தால் தடவினேன். நகத்தில் எதுவும் தட்டுப்படவில்லை. அது கண்ணாடிக்குள் இருந்தது. நீளம் நான்கு மில்லிமீட்டர்.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். மீன்களைக் கடல்நீர் நிரப்பிய டிரம்மில் விட்டு, தொட்டியைக் காலி செய்து, குழாயை வெட்டி, ஹோஸ் வைத்து, கண்ணாடியை மாற்ற வேண்டும். இரண்டு நாள் வேலை. அதற்கு முன்னால் முதலாளியின் எதிரில் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். மாதம் முடியப் பதினொரு நாள் இருந்தது. நான் அளவுகோலை எடுத்தேன். எழுதினேன். பத்தொன்பதாம் நாள், நான்கு. இருபதாம் நாள், நான்கு. இருபத்தொன்றாம் நாள், ஆறு. அந்தப் பக்கங்கள் இன்னும் என்னிடம் உள்ளன. எழுத்து ஒரே சீராக இருக்கிறது. பயந்தவன் எழுதியது போலவே தெரியவில்லை.

இருபத்து நான்காம் நாள் அது பதினான்கானது. அன்று மாலை மனைவியிடம் சொன்னேன்.

“போயி சொல்லிடுங்க” என்றாள்.

“மாதம் முடியட்டும். வேலை உறுதியான பிறகு நானே மாற்றிவிடுவேன்.”

“அதுவரிக்கும் அது சும்மா இருக்குமா? உங்களுக்காவ கண்ணாடி காத்துக்கினு இருக்குமா?”

“தினமும் அளந்துகொண்டுதான் இருக்கிறேன்.”

“எய்திக்கினு உக்காந்தா வெடிப்பு மூடிக்குமாங்க?”

நாட்குறிப்பை மூடி அலமாரியில் வைத்தேன். நான் போய்ச் சொல்ல மாட்டேன் என்பது அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இருபத்தேழாம் நாள், திங்கட்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். மலையிலிருந்து இறங்கியவர்களும் ஏறப் போகிறவர்களுமாக வரவேற்பறை நிறைந்திருந்தது. நான் சாவிப் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வெல்லம் உடைப்பது போல ஒரு சத்தம். கோடு துளையிலிருந்து மேல்விளிம்பு வரை போனதைக் கண்ணால் பார்த்தேன். பின்கண்ணாடி இரண்டாகப் பிரிந்து, நீர் சுவரில் மோதித் திரும்பி, செருப்புகளையும் பைகளையும் லட்டுப் பொட்டலங்களையும் வாசல் வரை தள்ளிக்கொண்டு போனது.

முதலில் மோட்டாரை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால் படிக்கட்டுக்குக் கீழே இருந்த தொட்டியில் நல்ல கடல்நீர் மிஞ்சியிருக்கும். மீன்களைக் கொண்டுபோய் அதில் விட்டிருக்கலாம். எந்த நிலையத்திலும் முதல் பாடம் அது. நான் மீன்களிடம் ஓடினேன். சலவைக்கல் தரையில் அவை துள்ளிக்கொண்டிருந்தன. மொட்டையடித்த ஓர் அம்மா இரண்டை அள்ளி, குடிநீர் ஊற்றிய சொம்பில் போட்டார். அவர் கணவர் வாளியில் குழாய் நீர் பிடித்துக்கொண்டு வந்தார். ஆளாளுக்கு மீன்களைப் பொறுக்கி அதில் போட்டார்கள். “அந்தத் தண்ணி வேணாம்மா!” என்று கத்தினேன். அவர்கள் தெலுங்குக்காரர்கள் என்று உறைத்து, “ஆ நீள்ளு வத்தம்மா! வத்து!” என்றேன். அந்த அம்மா என்னை ஏதோ பாவி என்பது போலப் பார்த்தார். உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்களை ஒருவன் தடுக்கிறான் என்றுதான் எல்லோருக்கும் பட்டிருக்கும்.

மஞ்சள் மீனையும் ஆரஞ்சு மீன் ஒன்றையும் ஈரக்கைகளில் ஏந்திக்கொண்டு படிக்கட்டை நோக்கி ஓடினேன். கீழ்த்தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. பம்பு அதிலிருந்ததையெல்லாம் உடைந்த தொட்டிக்கு அனுப்பித் தரையில் கொட்டிவிட்டு, வெறும் காற்றை உறிஞ்சிக் கத்திக்கொண்டிருந்தது. கையில் இருந்தவற்றை எங்கே விடுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். சிறியது முதலில் அசைவை நிறுத்தியது. வாளியில் இருந்தவை இன்னும் சற்று நேரம் நீந்தின என்று பிறகு சொன்னார்கள்.

முதலாளி திட்டவில்லை. மாலையில் வாஸ்துக்காரரை வரவழைத்தார். அவர் திசைகாட்டியை வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டடம் எழும்பியதில் ஈசானியம் வெட்டுப்பட்டிருக்கிறது, அந்த மூலை நீரைத் தாங்காது என்றார். முதலாளிக்குப் பெரிய நிம்மதி.

“உன் மேல ஒண்ணும் தப்பு இல்லப்பா ஃபோர்மேனு. எடம் அப்டி.”

“சார், அந்தக் குழாய்...”

“வுடுப்பா. நீ வருத்தப்படாத. அங்க ஒரு பெருமாள் படம் வெச்சிடலாம்.”

“சார், மெயின்டனன்ஸ் வேலை...”

“மீனே இல்ல, இன்னாத்த மெயின்டனன்ஸு? ரூம் பைப்புக்கு ஆள் கீறாம்ப்பா. மீனுக்காவதான் உன்ன நெனச்சேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வேலை போய்விட்டது, சொல்வதில் இழக்க எதுவும் இல்லை. இருந்தும் சொல்லவில்லை. ஏன் என்று பல வருடம் யோசித்துவிட்டேன். என்னைக் குற்றமற்றவன் என்று சொன்ன ஒரே இடத்தை விட்டுவிட மனம் வரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

புதன்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து குவைத்துக்குப் பேசினேன். மச்சான் என் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டே, மூலை சரியில்லாத இடத்தில் சாமியே வந்து குழாய் போட்டாலும் நிற்காது என்று எனக்கு ஆறுதல் சொன்னான். தான் அன்று கேட்டது அவனுக்கு நினைவில் இல்லை. அல்லது இருந்து, எனக்காக மறந்துவிட்டான்.

குவைத்துக்கு வந்து ஆறு வருடமாகிறது. கண்ணாடியைப் பற்றி மனைவிக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் பேசுவோம். அதைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை எடுத்ததில்லை. ஊரில் மழை உண்டா என்று கேட்பேன். இல்லை என்பாள். அங்கே வெயிலா என்று கேட்பாள். ஆமாம் என்பேன். பிறகு போனை வைத்துவிடுவோம்.