தடை போட்ட மலையும் ஜெமீலாவின் பட்டமும்

வவுனியாவில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் ஜெமீலாவுக்கு அமெச்சூர் வானொலி என்றால் பைத்தியம். முறையான அனுமதிப்பத்திரமும் எடுத்து வைத்திருந்தார். விடுமுறை நாட்களில் ஊருக்கு வெளியே உள்ள பாறைமலையில் ஏறி, உச்சியில் வானொலி அலைகளுக்கான கம்பி கட்டி, கடல் கடந்த ஊர்க்காரர்களோடு பேசுவார். மலையுச்சியிலிருந்து பேசுகிறவர்களுக்கு அமெச்சூர் வானொலிக்காரர்களின் போட்டிகளில் தனிப் புள்ளிகள் உண்டு.

இந்த ஆண்டு மலையைச் சுற்றி வேலி வந்துவிட்டது. காவலுக்கு நின்ற சிவபாதம் வழியை மறித்தார்.

"மேல போகேலாது அக்கா. ஆரும் ஏறக்கூடாதெண்டு ஓடர்."

"மலையிலதானே ஏறக்கூடாது?"

"ஓம்."

"அப்ப சரி" என்று ஜெமீலா திரும்பிவிட்டார். அவர் இவ்வளவு சுலபமாகப் போனது சிவபாதத்துக்கு உறுத்தியது.

அடுத்த ஞாயிறு சோழகக் காற்று பலமாக வீசியது. வேலிக்கு வெளியே, அறுவடை முடிந்த வயலில் நின்று ஜெமீலா பெரிய பட்டமொன்றை ஏற்றினார். நூலோடு, வானொலியில் இணைத்த மெல்லிய செப்புக் கம்பியும் மேலே போனது. பட்டம் மலையுச்சியையும் தாண்டி நின்றபோது, மாலைதீவுக்காரர் ஒருவரின் குரல் வானொலியில் தெளிவாகக் கேட்டது.

சிவபாதம் ஓடி வந்தார். "என்னக்கா இது?"

"நான் கதைச்சு முடியுமட்டும் இதை ஒருக்காப் பிடியுங்கோ அண்ணை" என்று நூலை அவர் கையில் திணித்தார் ஜெமீலா.

அந்த நேரம் பார்த்துச் சிவபாதத்தின் மேலதிகாரி போனில் அழைத்தார்.

"ஒருத்தரும் ஏறேல்லை ஐயா" என்றார் சிவபாதம், காற்று இழுத்த நூலை விடாமல்.

வயலில் நின்று பேசியதால் ஜெமீலாவுக்கு மலைப் புள்ளி கிடைக்கவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுக்கவுமில்லை. பட்டத்தை இறக்கிச் சுருட்டும்போது சிவபாதம் மெல்லக் கேட்டார்:

"வாற ஞாயிறும் வருவீங்களோ?"