குமிழி வராத வாளி

வீட்டில் பியர் காய்ச்சுபவர்களுக்கு வரும் பிரச்சினைகளில் முக்கால்வாசி ஒழுங்காகக் கழுவாததால் வருபவை. மிச்சம் பொறுமையில்லாததால் வருபவை. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். பொறாமையால் ஒரு வாளி பியர் கெட்ட கதையை மட்டும் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, பெட்டியில் அடைத்து அனுப்பும் பகுதியில் எனக்கு வேலை. ஒவ்வொரு பெட்டி மூடியிலும் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். இருபது வருடமாக இதே வேலை. ஆகவே பியர் காய்ச்சத் தொடங்கியபோது சுத்தத்தைப் பற்றி எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவைப்படவில்லை.

தொடக்கி வைத்தவன் தம்பி. அவனோடு வேலை செய்த ஜேர்மன்காரர் ஒருவர் வீடு மாறும்போது கொடுத்த பெரிய பானையையும் மூடியுள்ள வெள்ளை வாளியையும் தூக்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தான். என் கணவர் சோடாவைத் தவிர வேறொன்றையும் தொடாதவர். குசினியை எங்களுக்கு விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். முளைவிட்ட பார்லியை ஊறவைத்து வடித்த சாறு கொதித்து எழும்பியபோது, அடுப்பைக் குறைக்காமல் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எந்தப் பக்கம் வழிகிறது என்று தம்பி எட்டிப் பார்த்தான். பொங்கல் பானைக்குப் பழகிய கண்கள் அல்லவா? கிழக்குப் பக்கம் வழிந்தது நல்லது என்று சந்தோஷப்பட்டோம். பிறகு அடுப்பில் ஒட்டிய பாகைச் சுரண்டியே பின்னேரம் முடிந்தது.

அதன் பிறகு ஏழு வருடம் மாதம் ஒருமுறை காய்ச்சினேன். சனிக்கிழமைகளில் தம்பி வருவான். முதல் மிடறைக் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, 'திறம் அக்கா' என்பான். ஒன்பது வயதுப் பிள்ளையாக இருந்த அவனைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவள் நான். பள்ளிக்கூடத்து அன்ட்ராக் படிவங்களில் அவனுக்காகக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். அவன் வாயிலிருந்து வரும் அந்தத் 'திறம்' எனக்கே சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

பிறகு அவனுடைய மனைவியும் காய்ச்சத் தொடங்கினாள். யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி வந்தவள். மொழி படித்து, ஒரு பேக்கரியில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்து, அங்கேயே வேலை செய்கிறாள். ஈஸ்ட் அவளுக்கு வீட்டுப் பூனை மாதிரி. நான் வெப்பமானியும் கொப்பியுமாக நிற்பேன். அவள் மூடியைக் கொஞ்சம் தூக்கி மணந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்பாள்.

முதல்முறை அவளுக்கு நுரை நிற்கவில்லை. ஊற்றியதும் சீறிவிட்டு உடனே அடங்கிவிடுகிறது என்று போன் எடுத்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். போய்ப் பார்த்தால், கறிச்சட்டி தேய்க்கிற பஞ்சாலேயே கிளாசுகளையும் கழுவியிருக்கிறாள். எண்ணெய் ஒரு பொட்டுப் பட்டாலே நுரை செத்துவிடும். புதுப் பஞ்சும் சலவைச் சோடாவும் சுடுதண்ணீரும் பாவிக்கச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் முறை வெண்ணெய் மணம் வந்தது. வீட்டுக்குக் கீழே குளிரான கெல்லரில் புளிக்கவிட்டு, முடிந்த கையோடு போத்தலில் அடைத்திருந்தாள். கடைசி இரண்டு மூன்று நாள் வாளியை வீட்டுக்குள் சூட்டில் வைத்தால் ஈஸ்ட் அந்த மணத்தைத் தானே தின்றுவிடும் என்றேன். இரண்டு தடவையும் உண்மையைத்தான் சொன்னேன். மூன்றாம் முறை அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மூன்றாவதை நானும் குடித்தேன். மங்கலான பொன்நிறம், அசையாத நுரை, தோடம்பழத் தோலின் மணம். என்னுடைய ஏழு வருடத்தில் அப்படி ஒன்று வந்ததில்லை. தம்பி கண்ணை மூடிக்கொண்டு 'திறம்' என்றான். அவள் பக்கம் பார்த்துச் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் வாங்கிய அதே பார்லியை, அதே ஈஸ்டைத் தேடி வாங்கினேன். அவளை முந்தவேண்டும் என்ற அவசரத்தில் புளித்து முடியுமுன்பே போத்தலில் அடைத்தேன். காய் அப்பிள் மணம் அடித்தது. கெல்லரில் மூன்று போத்தல்கள் வெடித்துச் சுவரெல்லாம் பியர். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அரை மணித்தியாலம் புத்தி சொல்லியிருப்பேன். தம்பி சனிக்கிழமைகளில் வருவதும் குறைந்தது. வந்தாலும் அவள் செய்ததில் இரண்டு போத்தலைக் கொண்டுவந்து என் மேசையில், என் பியருக்குப் பக்கத்திலேயே வைப்பான்.

அவனுக்கு நாற்பது வயது வந்தது. நண்பர் ஒருவரின் தோட்டத்தில் கொண்டாட்டம் என்று முடிவு செய்தார்கள். எப்போதும்போல நான்தான் காய்ச்சுவேன் என்று எல்லாச் சாமானும் வாங்கி வைத்திருந்தேன். தம்பி போன் எடுத்தான்.

"அக்கா, இந்தமுறை நீங்கள் கஷ்டப்படாதேங்கோ. அவள் செய்யிறாள்."

கஷ்டம் என்று நான் எப்போது சொன்னேன்? நல்லது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுத்த நாளே, ஒருவரும் கேட்காமல், இருபது லீட்டர் காய்ச்சினேன்.

கொண்டாட்டத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. காய்ச்சி மூன்று நாளாகிவிட்டது, குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை, ஒருக்கால் வந்து பார்ப்பீர்களா என்று கேட்டாள். வேலை முடிந்து ட்ராமில் போனேன்.

வாளி குசினி மூலையில் இருந்தது. மூடியில் செருகியிருந்த வளைந்த குழாய்க்குள் தண்ணீர் அசையாமல் நின்றது. புளிக்கும்போது உண்டாகும் காற்று அந்தத் தண்ணீருக்குள்ளால் குமிழிவிட்டு வெளியேற வேண்டும். குமிழி இல்லையென்றால் ஈஸ்ட் செத்துவிட்டது என்று புதிதாகக் காய்ச்சுபவர்கள் பயந்துபோவார்கள். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. மூடியின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினேன். ஓரிடத்தில் ரப்பர் வளையம் முறுகிப் பிதுங்கியிருந்தது. காற்று அந்த வழியால் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மூடியைத் திறந்தேன். மேலே தடித்த நுரை. புதுப் பாணின் மணமும் தோடம்பழ மணமும் முகத்தில் வந்து அடித்தன. என்னுடையதைவிட நல்ல பியர் ஒன்று அந்த வாளிக்குள் உயிரோடு இருந்தது.

வளையத்தை அழுத்திச் சரிசெய்ய ஒரு நிமிடம்கூட எடுத்திருக்காது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பழுதாப் போச்சு," என்றேன். "கிருமி விழுந்திட்டுது. சனத்துக்குக் குடுக்க ஏலாது. ஊத்திவிடும்."

ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு போய்க் குளியல் தொட்டியில் கவிழ்த்தோம். தொட்டி நிறைய நுரை ஏறியது. வடிய நெடுநேரம் எடுத்தது. இனிச் சாமான் எடுப்பித்துக் காய்ச்சினாலும் போத்தலில் பதப்பட நாள் போதாதே என்று அவள் சொன்னபோது, கவலைப்பட வேண்டாம், என்னிடம் இருபது லீட்டர் இருக்கிறது என்றேன். ட்ராமில் திரும்பும்போது மனச்சாட்சி குத்தியதா என்று கேட்டால், இல்லை. பசித்தது. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

கொண்டாட்டத்தில் என் பியரைத்தான் எல்லோரும் குடித்தார்கள். என்னைக் காட்டி, வேலை முடிந்த களைப்போடு மச்சாள் வந்து பார்த்திராவிட்டால் இன்றைக்கு எல்லாருக்கும் வயிற்றாலை போயிருக்கும் என்று அவளே சொல்லிச் சிரிக்கவைத்தாள். தம்பி கண்ணை மூடிக் குடித்து, 'திறம் அக்கா' என்று என்னைக் கட்டிப்பிடித்தான். மாதக்கணக்காக நான் காத்திருந்த சொல். எனக்கு மனம் குளிர்ந்தது, அதை மறைக்க மாட்டேன்.

கிளாஸ் கழுவ உள்ளே போனேன். அங்கே தோட்டக் குடிலின் சின்னக் குசினியில் அவள் மட்டும் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"அண்டைக்கு நீங்கள் போனாப் பிறகு மூடியைக் கழுவேக்கை வளையத்தைக் கண்டனான், மச்சாள். முறுகியிருந்தது."

நான் குழாயைத் திறந்து கையிலிருந்த கிளாசைத் தண்ணீரில் பிடித்தேன்.

"உங்கட விரல் அந்த இடத்திலை வந்து நிண்டதையும் பாத்தனான். அப்ப விளங்கேல்லை."

துடைத்த கிளாசுகளைத் தட்டில் அடுக்கினாள். என் பியரைப் பக்குவமாக, சாய்த்துப் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஊற்றினாள்.

"இவருக்குச் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். அம்மாவுக்கு அடுத்தது நீங்கள் எண்டுதான் அவர் சொல்லுறவர்."

தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அங்கே தம்பி அவள் கையிலிருந்து ஒரு கிளாசை எடுத்ததும், அவள் ஏதோ சொல்லிச் சிரித்ததும் யன்னலால் தெரிந்தது.

வெட்கம் பிறகு வந்தது. நிறையவே வந்தது, இன்னும் போகவில்லை. ஆனால் அந்த ஈரத் தரையில் நின்றபோது முதலில் வந்தது அதே பழைய எரிச்சல்தான். பியரில் மட்டும்தான் அவள் என்னைவிடத் திறம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால், வளையத்தைக் கண்ட அந்த நிமிடமே, கையைக்கூடத் துடைக்காமல் தம்பிக்குப் போன் எடுத்திருப்பேன்.