ஃப்ரீசருக்கும் ஆயுத பூஜை

போன திங்கட்கிழமை என் நாத்தனார் செல்வி காலேஜிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "எல்லாம் போச்சு மதினி" என்றாள்.

யாருக்கு என்ன ஆச்சோ என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். கடைசியில் பார்த்தால், போனது புழுக்கள்!

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான். செல்வி விலங்கியல் லெக்சரர். வேலை பார்த்துக்கொண்டே பி.எச்.டி. செய்கிறாள். ஆட்டு ஈரலுக்குள் குடித்தனம் பண்ணுகிற தட்டைப்புழுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஞாயிறு விடிந்தால் திண்டுக்கல்லே நல்ல கறிக்கு அலையும். இவள் மட்டும் பேகம்பூர் கறிக்கடைகளில் பூச்சி விழுந்த ஈரலைக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

அந்தப் புழுவில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்... சாம்பார் அடிப்பிடித்ததுதான் மிச்சம். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருந்துகொண்டு, சாப்பாட்டைச் சக்தியாக்கித் தருகிறதாம். அதற்கென்று தனியாக ஒரு குட்டி டி.என்.ஏ. வளையம். பெரும்பாலும் தாய் வழியாகத்தான் பிள்ளைக்கு வருமாம். அந்த வளையத்தில்தான் ஒட்டுண்ணிகளுக்கு என்னென்னவோ நடந்திருக்கிறது. ஜீன்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. இந்தத் தட்டைப்புழுவில் ஒரு ஜீனைக் காணவே காணோம்.

உட்கார்ந்து தின்றால் குறையாமல் என்ன செய்யும் என்றேன். எனக்கு வாய்த் துடுக்கு. செல்வி கோபித்துக்கொண்டாள். அப்படி எடுத்தேன் கவிழ்த்தேன் என்று சொல்லிவிட முடியாதாம். எத்தனையோ ஒட்டுண்ணிகளிடம் வளையம் பத்திரமாக இருக்கிறதாம். பிறகு சிலதில் மட்டும் ஏன்? நத்தம் பக்கத்து ஆட்டுப் புழுவும் கீரனூர் பக்கத்து ஆட்டுப் புழுவும் எங்கே வேறுபடுகின்றன? அவளுக்கு இதே நினைப்பு.

வளையம் முழுசாக வேண்டும் என்பதால், எடுத்த கையோடு புழுக்களைக் குப்பியில் போட்டு, காலேஜ் ஃப்ரீசரில் உறைய வைத்துவிடுவாள். வருஷக்கணக்காகச் சேர்த்தவை. இப்போதெல்லாம் ஆடு வளர்க்கிறவர்கள் ஒழுங்காகப் பூச்சி மருந்து கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் புழு கிடைப்பதே அபூர்வம். ஆட்டுக்கு நல்லதுதான், யார் வேண்டாமென்றது? ஆனால் ஆராய்ச்சியை முடிக்கிற கெடு இந்த வருஷத்தோடு சரி.

இந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

டிபார்ட்மென்ட் அட்டெண்டர் முத்தையா அண்ணன் தங்கமான மனுஷன். மைக்ராஸ்கோப்பிலிருந்து தராசு வரை துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார். போன பூஜைக்குப் பிறகு புதிதாக வந்த ஃப்ரீசருக்கும் வைத்தார். லேத் பட்டறையானாலும் தையல் மிஷினானாலும் அன்றைக்கு ஓடக்கூடாது — நமக்குத் தெரியாததா? பிளக்கைப் பிடுங்கினார். மேலே பொரிகடலை வைத்து, சூடம் காட்டி, ரூமைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் விஜயதசமி, அதற்கு மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை செல்வி கதவைத் திறந்தால் ஒரே நாற்றம்.

"வருசம் பூரா ராப்பகலா ஓடுதேம்மா... செத்த ஓயட்டும்னுதான் நிறுத்துனேன்" என்றாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளக்கைத் தொடாதே என்று ஒரு தாள் எழுதி ஒட்டத் துப்பில்லையா உனக்கு என்று செல்வியைப் பிடித்துத் திட்டினேன். ஒட்டித்தான் இருந்தாளாம். பூஜைக்குச் சுத்தம் செய்கிறபோது அதையும் சுரண்டி எடுத்துவிட்டார்!

கெடுதல் நினைத்துச் செய்தவனை நாலு வார்த்தை கேட்கலாம். சூடம் காட்டிச் செய்தவரை என்ன கேட்பது? நம்மூரில் பாதி நாசம் நல்ல மனசால்தான் நடக்கிறது.

மறுபடி சேர்க்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "எங்கிட்டுப் போய்ச் சேர்க்க மதினி? இனிமே ஏலாது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. எழுதிப் பிழைக்கிறவள், வெட்கமாக இருந்தது.

நேற்று ஞாயிறு. செல்வி எங்கள் வீட்டில் இருப்பது தெரிந்து முத்தையா அண்ணன் தேடி வந்தார். கையில் கேரி பேக். மேடம் ஃப்ரீசரில் பத்திரப்படுத்தியது ஈரல் என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறார் மனுஷன். தன் காசைப் போட்டு, கடை கடையாக ஏறி இறங்கி, முழு ஈரலாக வாங்கி வந்திருந்தார்.

"நல்லாப் பிரிச்சுப் பாத்துட்டேம்மா. ஒரு பூச்சிகூட இல்ல" என்றார்.

செல்வி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "ரொம்ப நன்றிண்ணே" என்றாள்.

மத்தியானம் அதைத்தான் மிளகு போட்டு வறுத்தேன். ஒருத்தரும் கை வைக்கவில்லை.