சாரலில் கோடு போட்ட சலீம்

முகம்மது சலீம் என் சின்னம்மா மகள் மாஜிதா பெற்ற பிள்ளை. எனக்கு மருமகன் முறை. கூடப்பிறந்த மூன்று பேரும் துபாய், கத்தார் என்று போய்விட, இவன் மட்டும் பந்தும் கையுமாகத் தென்காசியிலேயே கிடந்தான். யுனிவர்சிட்டி கால்பந்து அணிக்கு ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். இருபத்து நாலு வயதில் முட்டி போனது. அதோடு விட்டானா? எம்.பி.எட். முடித்து, குற்றாலம் ரோட்டில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக உட்கார்ந்துவிட்டான்.

வீடு வீடாக ஏறி இறங்கிப் பெண்கள் கால்பந்து அணி ஒன்றைச் சேர்த்தான். போன ஆடியில் யுனிவர்சிட்டி பெண்கள் போட்டியையே தன் மைதானத்துக்குக் கொண்டுவந்தான். குறித்த நாளில் நடக்காவிட்டால் போட்டி நாகர்கோவிலுக்குப் போய்விடும். வெளியூரில் தங்க எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள். அணி அத்தோடு கலைந்துவிடும்.

போட்டியன்று காலையிலேயே சாரல். சுண்ணாம்புப் பொடியால் மூன்று தடவை கோடு போட்டான். மூன்று தடவையும் கரைந்து ஓடியது.

"கோடு இல்லாம ஆட்டம் கிடையாது சார். பத்து மணி வரைக்கும் பாப்பேன்" என்றார் போட்டியை மேற்பார்க்க யுனிவர்சிட்டியிலிருந்து வந்த ஸ்டான்லி.

சலீம் மாடனுக்குப் போன் போட்டான். மாடன் அவனோடு ஆடிய பழைய கோல்கீப்பர். இப்போது குற்றாலத்தில் அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன்.

"ஏலே மாடா, கோடு நிக்க மாட்டேங்குதுலே."

"எப்படி நிக்கும்? சீசன்ல பொடியத் தூவுதியே, நீ இந்த ஊர்க்காரந்தானாலே? ஆபீசரு ஆனா மழையும் மறந்துருமோ?"

"அப்புறமா ஏசு. வழியச் சொல்லு."

"எங்க கடை வாசல்ல ஆளு வரிசையா நிக்க, சுண்ணாம்புல எண்ணெயக் குழைச்சுத்தான் கோடு போட்டுருக்கோம். ஒரு மாசமா ஈரக்காலு மிதிச்சும் போவல. இரு, வாரேன்."

தேய்த்து மிஞ்சிய எண்ணெயை இரண்டு டின்னில் பிடித்து ஆட்டோவில் வந்து இறங்கினான். இருவரும் அதைச் சுண்ணாம்பில் குழைத்து, பழைய துணியைத் தோய்த்துத் தோய்த்து இழுத்தார்கள். கெட்ட முட்டியோடு சலீம் மைதானம் முழுக்கத் தவழ்ந்தான். ஒன்பது ஐம்பதுக்குக் கடைசி மூலை முடிந்தது. கொஞ்ச நேரம் விட்டிருந்த சாரலும் உடனே திரும்ப வந்தது.

ஸ்டான்லி குடையோடு போய் ஷூவால் கோட்டைத் தேய்த்துப் பார்த்தார்.

"அழியலையே!" என்றார். விசில் ஊதச் சொன்னார்.

எங்கள் பிள்ளைகள் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். அடுத்த வருடமும் இங்கேயே நடத்தலாம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார் ஸ்டான்லி.

திங்கட்கிழமை அணியில் சேர முப்பத்தொரு பெண்கள் சலீம் அறை வாசலில் நின்றார்கள். "ஜெர்சி பதினாலுதாம்மா இருக்கு" என்று சொல்லிப் பார்த்தான். ஒருத்தியும் நகரவில்லை.